தகரத் தேர்கள்

ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடும் புலவர், குழந்தையைப் பத்துப் பருவங்களின் வழியே அழைத்துச் சென்று, இறுதியில் அதன் கையில் ஒரு சிறுதேரைக் கொடுத்து விடைபெறுகிறார். காப்பில் தொடங்கிய வளர்ச்சி சிறுதேர் உருட்டுவதில் நிறைவெய்துகிறது. பெரியோர் ஏறிச் செல்லும் ஊர்தியைச் சிறிதாக்கித் தன் கையால் ஓட்டிப் பார்க்க விழைவது குழந்தையின் இயல்பு. தேர் ஓடிய காலத்தில் சிறுதேர் உருண்டது. இரும்புப் பாதையில் புகைவண்டி ஓடத் தொடங்கிய பின்னர், ஐரோப்பியக் குழந்தையின் கைக்கும் ஒரு சிறிய புகைவண்டி வந்து சேர்ந்தது. அவ்வாறு வந்தவற்றுள் பெரும்புகழ் பெற்றவை தகரத்தால் ஆன வண்டிகளே.

அந்த வண்டிகளை முதன்முதலில் ஓட்டிய குழந்தைகள் வளர்ந்து, முதிர்ந்து, பெரும்பாலோர் மறைந்தும் விட்டனர். வண்டிகளில் சில மட்டும் எஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தேடிக் கண்டெடுத்து, துடைத்து, செப்பனிட்டு, மீண்டும் தண்டவாளத்தில் ஓடவிடுவதையே தம் ஓய்வுக்கால இன்பமாகக் கொண்டோர் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பலர் உள்ளனர். நரைத்த தலையினர் தரையில் மண்டியிட்டுப் பொம்மை வண்டிக்குச் சாவி கொடுப்பதைக் காண்போர் முதலில் நகைக்கக்கூடும். ஆயினும் அந்த எளிய செயலுக்குள் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு வினா அடங்கியிருக்கிறது. பழம்பொருளைக் காப்பது என்பது யாது? அதைப் பூட்டி வைப்பதா? அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்யவிடுவதா?

தகரம் என்று வழங்குவது உண்மையில் வெள்ளீயம் பூசப்பெற்ற மெல்லிய இரும்புத் தகடாகும். இரும்பு அதற்கு உறுதியைத் தருகிறது. வெள்ளீயம் துருப்பிடிக்காமல் காக்கிறது. அதை எளிதில் வெட்டலாம். அச்சில் வைத்து அழுத்தலாம். ஈயப் பற்று வைத்து ஒட்டலாம். தகட்டின் ஓரத்தில் சிறு நாக்குகளை விட்டு, மறு தகட்டின் துளையில் நுழைத்து மடக்கினால் ஆணியும் வேண்டா, பற்றும் வேண்டா. விலை உயர்ந்த வண்டிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினர். விலை குறைந்தவற்றுக்குத் தகடு தட்டையாக இருக்கும்போதே கதவும் சன்னலும் எழுத்தும் அச்சிட்டு, அதன்பின் வெட்டி வளைத்தனர். ஒரு விரல் நீளச் சன்னலுக்குள் செய்தித்தாள் படிக்கும் பயணியின் முகத்தையும் அச்சிட இயன்றது அந்த முறையால்தான்.

தெற்கு ஜெர்மனியிலுள்ள கோப்பிங்கன் நகரில் 1859இல் தியோடர் மேர்க்லின் என்பவர் தொடங்கிய பட்டறை, முதலில் பொம்மை வீடுகளுக்குரிய சமையற் பாத்திரங்களையே தகரத்தில் செய்துவந்தது. அவருடைய மனைவி கரோலின் ஊர் ஊராகச் சென்று அவற்றை விற்றார். 1866இல் கணவர் மறைந்த பின்னர்த் தொழில் முறிந்துவிடாமல் தாங்கி நின்றவரும் அவரே. மக்கள் பொறுப்பேற்ற பிறகு, 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அந்நிறுவனம் ஒரு புதுமையைக் காட்சிக்கு வைத்தது. சாவி கொடுத்தால் ஓடும் வண்டி ஒன்று. அது ஓடுவதற்கு, எட்டு என்னும் எண்ணின் வடிவில் வளைந்து சென்ற தண்டவாளம்.

வண்டியைவிடத் தண்டவாளமே பெரிய புதுமை. அதற்கு முன் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி சக்கரங்களின் இடைவெளியை வைத்தனர். மேர்க்லின் குடும்பத்தார் பாதையின் அகலத்தை வரையறுத்து, ஒவ்வோர் அகலத்திற்கும் ஓர் எண் கொடுத்தனர். காலப்போக்கில் பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். 45 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது முதல் எண் அளவு. பின்னர் வீடுகளில் மிகுதியாகப் பரவிய 32 மில்லிமீட்டர் இடைவெளி, சுழி எண்ணால் குறிக்கப்பெற்று 'ஓ' அளவு என்று பெயர் பெற்றது. இதனால் விளைந்தது என்ன? ஒரு பிறந்த நாளில் எஞ்சினும் வட்டப் பாதையும் பெற்ற சிறுவன், மறு ஆண்டில் இரண்டு பெட்டிகள் பெறலாம். அதற்கடுத்த ஆண்டில் ஒரு நிலையமும் கைகாட்டியும் பெறலாம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். பொம்மை ஒரு நாள் மகிழ்ச்சியாக நில்லாமல், ஆண்டுதோறும் வளரும் சிறு உலகமாயிற்று. சேகரிக்கும் பழக்கத்தின் வித்து அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

ஜெர்மனியின் நூரம்பர்க் நகரமும் இத்தொழிலில் சிறந்து விளங்கியது. அங்கிருந்த பிங் சகோதரர்களின் நிறுவனம் உலகெங்கும் பொம்மைகளை அனுப்பியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த பெரும் கண்காட்சிக்குச் சென்ற பாசெட்-லோக் என்னும் இங்கிலாந்துக்காரர், ஜெர்மானியரின் கைத்திறனைக் கண்டு வியந்தார். இங்கிலாந்தில் ஓடும் எஞ்சின்களைப் போலவே செய்து தருமாறு அவர்களிடம் கேட்டார். அதன் பின் நூரம்பர்க் தொழிலாளர்கள், தாம் ஒருமுறையேனும் ஏறியிராத இங்கிலாந்து இரயில்களின் நிறங்களை வரைபடம் பார்த்துத் தீட்டினர்.

1914இல் மூண்ட போர் இந்த உறவை அறுத்தது. நூரம்பர்க்கில் நெடுங்காலம் தொழில் நடத்திய ஜார்ஜ் கரெட் என்பவர் பிரெஞ்சுக் குடிமகன். ஆகையால் போர்க்காலத்தில் அவர் ஜெர்மனியில் இருக்க முடியவில்லை. அவருடைய தொழிற்சாலை 1917இல் மூடப்பட்டது. போர் முடிந்த பின்பும் இங்கிலாந்து மக்களுக்கு ஜெர்மானியப் பொம்மைகள்மீது கசப்பு இருந்தது. அந்த வெற்றிடத்தில் எழுந்தவர் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி. துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டுக்கு 1901இலேயே காப்புரிமை பெற்றிருந்தவர் அவர். 1920இல் அவர் வெளியிட்ட முதல் இரயில்களும் அதே முறையில் அமைந்தவை. சிறுவனே கழற்றிச் சிறுவனே பூட்டலாம். உடைந்த உறுப்புக்கு மாற்றுறுப்பும் வாங்கலாம். பழுதானால் எறிவதற்கன்றிப் பழுதுபார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பொம்மை அது. இன்றைய சேகரிப்பாளர் அதை மீண்டும் ஓடச் செய்ய முடிகிறது என்றால், அதற்கு முதற்காரணம் இதுவே.

எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லா வண்டிகளும் கிட்டவில்லை. 1937இல் ஹார்ன்பி நிறுவனம் வெளியிட்ட 'பிரின்சஸ் எலிசபெத்' என்னும் எஞ்சினின் விலை 105 ஷில்லிங். அக்காலத்துத் தொழிலாளி ஒருவரின் ஒரு வாரக் கூலியைவிட அது மிகுதி. கடைச் சன்னலின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய சிறுவர்களே பலர். அவர்களுக்கு வாய்த்தது அச்சிட்ட தகரத்தாலான, நான்கு சக்கரங்களோடு வட்டமாக மட்டும் ஓடும் மலிவான வண்டி. பிற்காலத்தில் சேகரிப்பாளராக மாறியோருள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. வாங்க இயலாததை அறுபது வயதில் வாங்கியவர்கள் அவர்கள்.

இரண்டாம் உலகப் போரில் தகரமும் துத்தநாகமும் படைக்கலங்களுக்குச் சென்றன. 1942இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உலோகப் பொம்மை செய்வது நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் கடற்படைக்குத் திசைகாட்டிகள் முதலியன செய்துகொடுத்தது. எனினும் இரயிலில்லாத கிறிஸ்துமஸ் குழந்தைகளுக்கு ஏமாற்றமாகுமே என்று எண்ணி, 1943இல் அட்டையை வெட்டி மடித்துச் செய்யும் காகித இரயில் ஒன்றை அது வெளியிட்டது. பழைய உலோகம் திரட்டியபோது எத்தனையோ பொம்மை வண்டிகள் உலைக்குப் போயின.

போருக்குப் பின் காலம் மாறிற்று. வீடுகள் சிறியனவாயின, பாதை 16.5 மில்லிமீட்டராகக் குறுகிற்று. தகரத்தின் இடத்தை நெகிழி பிடித்தது. 1960களில் ஹார்ன்பியின் 'ஓ' அளவுத் தகர வண்டிகள் மறைந்தன. லிவர்பூலின் பின்ஸ் சாலையிலிருந்த அந்தப் புகழ்மிக்க தொழிற்சாலையும் 1979இல் மூடப்பட்டது.

பயன்பாடு முடிந்த இடத்தில் சேகரிப்பு தொடங்கிற்று. அமெரிக்காவில் 1954இல் இரயில் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. பிரிட்டனில் 1969இல் ஹார்ன்பி இரயில் சேகரிப்பாளர் சங்கம் அமைந்தது. எந்த ஆண்டில் எந்த நிறம், எந்தப் பெட்டிக்கு எந்தக் கைப்பிடி என்பவற்றையெல்லாம் ஆராய்ந்து பதிவுசெய்தோர் இத்தகைய சங்கத்தாரே. வாங்குவோர் ஏமாறாமலிருக்க, வண்டியின் நிலையைத் தரம் பிரித்துக் கூறும் அளவுகோலும் வகுக்கப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மாசுமறுவின்றி இருப்பது முதல் தரம். சிறு கீறல் இருந்தால் அடுத்த தரம். வண்ணம் உதிர்ந்து, தகடு நசுங்கி, துருவும் ஏறியிருந்தால் கடைத்தரம். வண்டி வைத்து விற்ற அட்டைப் பெட்டியும் உடனிருந்தால் விலை பன்மடங்கு உயரும்.

அளவுகோல் நேர்மையானதே. ஆனால் அதைச் சற்றே ஊன்றி நோக்கினால் ஒரு முரண் புலப்படும். குழந்தை எவ்வளவு விளையாடிற்றோ அவ்வளவு மதிப்புக் குறைகிறது. எண்பது ஆண்டுக்குப் பின்னும் ஒரு வண்டி புத்தம் புதிதாகப் பெட்டியோடு கிடைக்கிறது என்றால் அதன் பொருள் யாது? அதனோடு எவரும் விளையாடவில்லை என்பதுதான். கடையிலேயே விலைபோகாமல் தங்கியிருக்கலாம். 'உடைத்துவிடுவாய்' என்று தந்தை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். விளையாட வேண்டிய குழந்தை நோயுற்றிருக்கலாம். மிக விரும்பப்பட்ட வண்டிகள் தேய்ந்து, உடைந்து, குப்பைக்குச் சென்றுவிட்டன. அன்பு படாத பொருளே நெடுநாள் பிழைத்தது. அதற்கே இன்று உயர்ந்த விலை.

எண்ணமுள்ள சேகரிப்பாளர் பலரை இந்த முரண் உறுத்தாமல் இருப்பதில்லை. அதற்கு அவர்கள் தரும் விடையை வாதத்தில் காண இயலாது. வேலை மேசையில்தான் காண இயலும்.

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில், பணி ஓய்வு பெற்ற ஒருவர், ஏலத்தில் ஒரு பழைய எஞ்சினை வாங்கி வருகிறார் என்று கொள்க. 1930களில் செய்யப்பட்ட, சாவியால் ஓடும் சிறிய பச்சை எஞ்சின் அது. கூரை ஓரத்தில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது. முன்பக்கத் தகடு உள்வாங்கியிருக்கிறது. எப்போதோ நாற்காலிக் காலில் மோதியிருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் யாரோ ஒரு சிறுவன் ஆணியால் கீறிய இரண்டெழுத்துகள் தெரிகின்றன.

அனுபவமுள்ளவர் உடனே சாவி கொடுத்துப் பார்ப்பதில்லை. பழைய மசகு காலப்போக்கில் பிசின்போல் இறுகிப் பற்சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். வலிந்து முறுக்கினால் சுருள்வில் அறும், அல்லது பற்கள் முறியும். வில்லில் எஞ்சியுள்ள முறுக்கத்தை முதலில் மெல்லத் தளர்த்துகிறார். முறுக்கிய வில் திடீரென விடுபட்டால் விரலைக் கிழித்துவிடும். பின்னர்த் திருகாணிகளைக் கழற்றி, மேற்கூட்டைத் தூக்கி, பொறியை மண்ணெண்ணெயில் கழுவுகிறார். வண்ணம் தீட்டிய தகட்டின்மீது அந்த எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்கிறார். பட்டால் எழுத்தும் கோடும் கரையக்கூடும். அச்சுத்தண்டில் சிவப்பு நிற இழைகள் இறுகச் சுற்றியிருக்கின்றன. எந்த வீட்டிலோ விரித்திருந்த கம்பளத்தின் நூல் அது. அந்த வீடு இன்று இருக்கிறதோ இல்லையோ, அதன் நூல் இங்கே இருக்கிறது.

சக்கரங்களைத் தொட்டதும் அவர் முகம் வாடுகிறது. விளிம்புகள் வெடித்து, உப்பி, விரல் பட்ட இடத்தில் உதிர்கின்றன. துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்தபோது சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பிறகு அவ்வுலோகம் உள்ளிருந்தே சிதையத் தொடங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். துத்தநாக நோய் என்று சேகரிப்பாளர் அஞ்சும் கேடு இதுவே. இதற்கு மருந்தில்லை. கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்த வண்டியும் இதற்குத் தப்பாது. தொடாமல் வைத்திருந்தாலே பொருள் அழியாது என்னும் நம்பிக்கையைப் பொய்யாக்கும் நோய் இது.

பழைய வண்டிகளுக்கென்றே புதுச் சக்கரம் வார்க்கும் சிறு பட்டறைகள் உள்ளன. அவற்றிலிருந்து நான்கு சக்கரங்களை வாங்கிப் பொருத்துகிறார். உதிர்ந்தவற்றை எறியாமல், எந்த எஞ்சினுக்குரியவை என்று சீட்டெழுதி ஒரு சிறு டப்பாவில் இட்டு வைக்கிறார். அசல் எது, மாற்று எது என்பது பின்வருவோருக்குத் தெரிய வேண்டும் என்பது இத்துறையின் ஒழுக்கம்.

இனி வண்ணம். இங்கே சேகரிப்பாளர் இரு கூறாகப் பிரிகின்றனர். முழுவதும் சுரண்டி, பழைய நிறத்தையே மீண்டும் தீட்டி, கடையிலிருந்து வந்த நாளின் பொலிவைத் திரும்பப் பெறலாம் என்பார் சிலர். அசல் வண்ணத்தைச் சுரண்டினால் வரலாற்றையே சுரண்டியதாகும் என்பார் மற்றவர். துருவேறித் தகடே தெரியும் வண்டிக்கு முதற்கூற்றுப் பொருந்தலாம். ஆனால் இந்த எஞ்சினின் கதை வேறு. நசுங்கிய தகட்டை நிமிர்த்தினால் நாற்காலிக்கால் மறைந்துபோகும். வண்ணம் தீட்டினால் அந்த இரண்டெழுத்துகளும் மறைந்துபோகும். அவர் மெல்லிய மெழுகு பூசித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அளவுகோல் குறை என்று எண்ணுவதை, அவர் கையொப்பம் என்று எண்ணுகிறார்.

மாலையில் தரையில் பாதை விரிகிறது. பழைய தகரத் தண்டவாளம் துண்டு துண்டாக இணைவது. ஒரு துண்டின் முனையிலுள்ள ஊசி மறுதுண்டின் துளைக்குள் நுழையும். இரண்டடி ஆரமுள்ள வட்டத்திற்குப் பன்னிரண்டு வளைதுண்டுகள் வேண்டும். எஞ்சினை வைத்து, சாவியை அளவாக முறுக்கி, தடையை விடுவிக்கிறார். முதலில் ஒரு நடுக்கம், பிறகு ஓட்டம். சுருள்வில் விரியும் கரகரப்பும், இணைப்புகளின்மீது சக்கரம் ஏறி இறங்கும் தாளமும், உள்ளீடற்ற தண்டவாளம் தரையோடு சேர்ந்து எழுப்பும் முழக்கமும் அறையை நிரப்புகின்றன. அந்த ஒலியைப் பேழைக்குள் வைக்க இயலாது.

சாவி வண்டிக்கு ஓட்டுநரின் கைப்பழக்கம் வேண்டும். முறுக்கம் மிகுந்திருக்கும்போது விரைவு மிகும். பெட்டிகள் குறைவாக இருந்தால் வளைவில் கவிழும். முறுக்கம் தளரத் தளர வேகம் குறையும். இத்தனை பெட்டிக்கு இத்தனை முறுக்கு, இத்தனை முறுக்குக்கு இத்தனை சுற்று என்று கணித்து, நிலையத்தின் முன்னே வண்டி தானாக நிற்கும்படி செய்வதே இதன் நுட்பம். எந்த நூலிலிருந்தும் இதை முழுமையாகக் கற்க முடியாது. கை கற்றுக் கைக்குத் தர வேண்டிய கல்வி இது.

இதனால் எல்லாவற்றையும் ஓட்டியே ஆக வேண்டும் என்பது பெறப்படாது. உலகில் ஒன்றிரண்டே எஞ்சிய அரிய வண்டியைத் தரையில் ஓடவிட்டுக் கவிழ்ப்பது பேதைமை. தொடக்கக்கால மின்வண்டிகளுள் சில, வீட்டு மின்சாரத்தை இடையே ஒரு விளக்கை மட்டும் வைத்துத் தண்டவாளத்திற்கே கொண்டுவந்தன. அவற்றை இயக்குவது உயிருக்கே ஊறு செய்யும். இவை பேழையில் இருப்பதே முறை. ஓட்டம் தேய்மானத்தைத் தரும் என்பதும் உண்மை. ஆனால் ஓடாமையும் கேட்டைத் தருகிறது: மசகு இறுகுகிறது, அச்சு பிடிக்கிறது, இவற்றைவிட மேலாக, ஓட்டத் தெரிந்தவர்கள் குறைகிறார்கள். ஏடுகளைப் பரண்மேல் போட்டு வைத்த வீட்டில் அவை செல்லரித்ததையும், எடுத்துப் படித்துப் படியெடுத்த வீட்டில் நூல் பிழைத்ததையும் தமிழறிந்தோர் அறிவர். பொறிக்கும் அந்நெறி பொருந்தும். தகரமும் வண்ணமும் அதன் உடல். ஓட்டமே அதன் பொருள்.

காலம் இவர்கள் பக்கம் இல்லை. தகர வண்டியைப் பரிசாகப் பெற்ற தலைமுறை மறைந்துவருகிறது. தந்தை நாற்பது ஆண்டு சேர்த்ததை மக்கள் ஒரே நாளில் ஏலக்கடைக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. அதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. பூட்டிய அலமாரியை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதன்மீது பற்று எவ்வாறு பிறக்கும்? இதை உணர்ந்தே, பொதுக் கண்காட்சிகளில் பழைய வண்டிகளை ஓட்டிக் காட்டுகின்றனர். பிரைட்டன் இரயில் நிலையத்தின் அடியிலுள்ள வளைவறைகளில் 1991இல் திறக்கப்பெற்ற பொம்மைக் காட்சிசாலையும் பழைய வண்டிகள் ஓடும் நாள்களை வைத்திருக்கிறது. அங்கே வரும் குழந்தைகள் விலையைக் கேட்பதில்லை. அது ஓடுமா என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தச் சிற்றூர் வீட்டிலும் ஒரு பேத்தி இருக்கிறாள் என்று கொள்க. பச்சை எஞ்சின் நான்கு சுற்று ஓடி நிற்கிறது. முதியவர் சாவியை அவள் கையில் கொடுக்கிறார். அவள் முறுக்குகிறாள், அவர் எண்ணுகிறார். "போதும்" என்கிறார். அவள் ஆசையால் இன்னும் ஒரு முறை முறுக்கிவிடுகிறாள். வண்டி பாய்ந்து, வளைவில் கவிழ்ந்து, மேசைக்காலில் மோதி நிற்கிறது. எடுத்துப் பார்த்தால், கூரையின் மறு ஓரத்தில் ஒரு புதிய கீறல்.

அளவுகோலின்படி அந்த எஞ்சின் ஒரு படி தாழ்ந்துவிட்டது. முதியவர் அதைத் திரும்பத் தண்டவாளத்தில் வைத்து, சாவியை மீண்டும் அவளிடமே நீட்டுகிறார். அடுத்த முறை எத்தனை முறுக்கு என்பதை அவரே சொல்ல வேண்டியதில்லை; அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.